சில்லுக்கும் சட்டகத்துக்கும் இடையே

பிரான்சு தேசத்தின் வடபுறத்தே, பெல்ஜிய எல்லையை அண்மியுள்ள றூபே நகரத்தில், பெரும்பாலும் சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், ஒரு துவிச்சக்கர வண்டிப் பந்தயம் வந்து முடிகின்றது. அந்நகரத்து நெசவாலை முதலாளிகள் இருவர், தாம் அமைப்பித்த ஓட்டத் திடலுக்குப் பெயர் தேடும்பொருட்டு, 1896ஆம் ஆண்டில் அதனைத் தொடக்கினர். முதலாவது ஆண்டில் வென்றவர் யோசெப் பிஷர் என்னும் ஜெர்மானியர். பாரிஸ்–றூபே என்பது பந்தயத்தின் பெயராயினும், 1977ஆம் ஆண்டு முதல் அது பாரிசுக்கு வடக்கேயுள்ள கொம்பியேன் பட்டினத்திலிருந்தே புறப்படுகின்றது. ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தூரம். அதில் ஐம்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட பகுதி கல் பாவிய பழைய வண்டிப்பாதை. கல்லென்றால் செதுக்கி அடுக்கிய தளக்கல் அன்று. ஒன்று உயர்ந்தும் ஒன்று தாழ்ந்தும், இடையிடையே பள்ளமும் சேறுமாய்க் கிடக்கும் கருங்கற்கள். முதலாம் உலக யுத்தம் முடிந்தபின், 1919ஆம் ஆண்டில், பீரங்கிகளால் உழப்பட்ட அவ்வழியைப் பார்த்து வந்தவர்கள் அதற்கு ‘வடக்கின் நரகம்’ என்று பெயரிட்டனர். அப்பெயர் இன்றும் நிலைத்திருக்கின்றது.

இந்தப் பாதையில் மிகக் கொடியதெனக் கருதப்படும் ஆரென்பெர்க் காட்டுவழி 1968ஆம் ஆண்டிலேதான் பந்தயத்திற் சேர்க்கப்பட்டது. அதனைக் காட்டிக் கொடுத்தவர் ஜோன் ஸ்தாப்ளின்ஸ்கி. இவர் 1962ஆம் ஆண்டின் உலக வீரர். போலந்து தேசத்துப் பெற்றோருக்குப் பிறந்து, இளமையில் அப்பகுதி நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். அந்தக் காட்டுவழியின் கீழே உழைத்தவரும் மேலே சைக்கிளோடியவரும் அவர் ஒருவரே என்று சொல்வது வழக்கம். இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட அந்த நேர்வழியில் மணிக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் நுழையும் ஒருவனுக்கு, கைபிடியைப் பற்றிய விரல்கள் மரத்துப்போகும். கண் முன்னேயுள்ள கல் இரண்டாய்த் தோன்றும். உள்ளங்கை கொப்புளித்துத் தோலுரியும். அன்று மாலை கோப்பையைத் தாங்குதற்கும் கை கூசுவதுண்டு.

மனிதன் இரு சில்லின்மேல் ஏறிய நாள் முதல் அவனை விடாது தொடர்ந்த வினாவொன்று இந்த வழியில்தான் கூர்மையாய் எழுகின்றது. பாதையின் அடி உடலை அடையாதவாறு அதனைத் தாங்கிக்கொள்ளுவது எது? சட்டகமா, சில்லா? காபன் நாரினாற் சட்டகம் செய்யக் கற்றுக்கொண்ட பின்னர், சட்டகமே என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் நம்பியது. அந்நம்பிக்கை எவ்வாறு தோன்றி எவ்வாறு தேய்ந்தது என்பது, ஒரு சில மில்லிமீற்றர் அகலமுள்ள வெற்றிடத்தின் வரலாறாகும்.

தொடக்கத்தில் தாங்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. 1860களில் பாரிசில் மிஷோ குடும்பத்தார் செய்து விற்ற மிதிவண்டிக்கு மாட்டுவண்டிச் சில்லைப்போல மரச் சில்லும் இரும்புப் பட்டையுமே இருந்தன. ஆங்கிலேயர் அதற்கு ‘எலும்பு குலுக்கி’ என்று பெயர் வைத்தனர். அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. பின்னர் திண்ம இறப்பர் வளையம் வந்தது. அது சத்தத்தைக் குறைத்ததேயன்றி அடியைப் பெரிதும் குறைக்கவில்லை.

காற்றைக் குழாயில் அடைத்துச் சில்லுக்கு மெத்தையாக்கும் எண்ணம் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த றொபேட் வில்லியம் தொம்சன் என்பவருக்கு 1845ஆம் ஆண்டிலேயே உதித்து, அவர் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். குதிரை வண்டிக்காக அவர் செய்த அதனை உலகம் மறந்தது. 1888ஆம் ஆண்டில், பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த மற்றொரு ஸ்கொத்லாந்தியர், ஜோன் பொயிட் டன்லொப், தம் மகனுடைய முச்சக்கர வண்டி கற்றெருவில் குலுங்கக் கண்டு, தொம்சனை அறியாமலே அதனை மறுபடி கண்டுபிடித்தார். அவர் நாடியது சுகம் ஒன்றே என்பது கவனிக்கத்தக்கது. ஆனால் மறு ஆண்டு, 1889 மே மாதத்தில், பெல்பாஸ்ற் குயின்ஸ் கல்லூரி விளையாட்டுப் போட்டியில் வில்லியம் ஹியூம் என்பவர் அந்தக் காற்று ரயர் பூட்டிய வண்டியில் ஏறி, தம்மிலும் வலியவரெனப் பெயர் பெற்றவர்களை வென்றார். கொழுத்த ரயரைக் கண்டு நகைத்தவர்கள் அன்று மாலையே நகைப்பை நிறுத்தினர். சுகத்துக்காகச் செய்தது வேகத்தையும் தந்தது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்னும் உண்மை அன்றே பகிரங்கமாய் வெளிப்பட்டது. அது பின்னர் மறக்கப்பட்டதே இவ்வரலாற்றின் விந்தை.

இந்தக் காற்று ரயருக்கு வேண்டிய பொருளின் வரலாற்றில் இலங்கைக்கும் ஓர் இடமுண்டு. 1876ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டிலிருந்து ஹென்றி விக்கம் கொணர்ந்த வித்துக்கள் இலண்டனுக்கு அருகேயுள்ள கியூ பூந்தோட்டத்தில் முளைத்தன. அந்நாற்றுக்களில் 1900க்கு மேற்பட்டவை அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. அவை நடப்பட்ட வேளையில் அம்மரத்தின் பாலுக்கு இத்தனை தேவை வருமென்று எவரும் கருதியிருக்க மாட்டார். பன்னிரண்டு ஆண்டுகளின் பின் டன்லொப் தம் மகனுடைய வண்டியைப் பார்த்தார்; தேவை வந்துவிட்டது. மோட்டார் வண்டி பெருகுவதற்கு முன்பு இறப்பருக்கு விலையேற்றியது சைக்கிளே.

1891ஆம் ஆண்டில் பிரான்சிலே மிஷெலின் சகோதரர், கழற்றிப் பூட்டத்தக்க ரயரைச் செய்தனர். அவ்வாண்டு பாரிசிலிருந்து பிரெஸ்ற் துறைமுகம் சென்று மீளும் 1200 கிலோமீற்றர் ஓட்டத்தில், ஷார்ல் தெறோன் அந்த ரயரோடு ஓடி, ஏறத்தாழ எழுபத்தொரு மணி நேரத்தில் உறக்கமின்றித் திரும்பி வந்து வென்றார். அதன்பின் திண்ம இறப்பரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

பிரான்சில் செந்தெத்தியேன் நகரில் போல் டி விவி என்றொருவர் இருந்தார். 1853இற் பிறந்து 1930இல் இறந்தவர். ‘வெலோசியோ’ என்னும் புனைபெயரால் ‘சைக்கிளோட்டி’ எனப் பொருள்படும் பத்திரிகையொன்றை நடத்தியவர். மலைவழிகளிற் பல நூறு கிலோமீற்றர் ஓடும் தம் நண்பர்களுக்கு அவர் ஓயாது சொல்லி வந்தவை இரண்டு: பல்லிணையை மாற்றும் பொறி வேண்டும்; அகன்ற, நெகிழ்ந்த ரயர் வேண்டும். முதலாவதைப் பந்தயக்காரர் முப்பது நாற்பது ஆண்டுகள் தாமதித்து ஏற்றனர். இரண்டாவதை ஏற்க அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு சென்றது.

பந்தய வண்டியின் ரயர் ஏன் ஒடுங்கியது? வீதிகள் தாரிடப்பட்டு மென்மையாயின என்பது ஒரு காரணம். ஒடுங்கிய ரயர் பாரங் குறைந்தது, காற்றை எளிதிற் கிழிக்கும் என்பது மற்றொன்று; அதில் உண்மையும் உண்டு. மூன்றாவது காரணமே மிகுந்த செல்வாக்குப் பெற்றது. ஆய்வுகூடத்தில், வழவழப்பான உருக்கு உருளையின்மேல் ரயரை அழுத்திச் சுழற்றி, எவ்வளவு சத்தி வீணாகின்றதென அளந்தனர். காற்றை ஏற்ற ஏற்ற வீண் குறைந்துகொண்டே வந்தது. ஆகவே எவ்வளவு இறுக்கமாய்க் காற்றடிக்கின்றோமோ அவ்வளவு வேகம் என்று முடிவு கட்டினர். உருளையின் மேல் கல்லில்லை, குழியில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறியிருக்கும் மனிதனும் இல்லை. அளவை பிழையன்று, அளந்த இடமே பிழை.

1980களில் 18, 20 மில்லிமீற்றர் ரயர்கள் பந்தயக்காரரிடையே பெருமையாயின. பின்னர் 23 மில்லிமீற்றர் வழக்கமான அளவாயிற்று. சதுர அங்குலத்துக்கு 110, 120 இறாத்தல் அமுக்கம். அக்காலத்தில் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் ஆசிரியரும் கமக்காரரும் ஓடித்திரிந்த கறுப்பு நிற ஆங்கிலச் சைக்கிளின் ரயர் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீற்றர். பந்தய வண்டியில் ஏறியவன் அதனை ஏளனமாய்ப் பார்த்திருப்பான். இறுகிய ரயரின்மேல் ஓடும்போது ஒவ்வொரு பரலும் கையிலும் முதுகிலும் தெரியும். அந்தப் படபடப்பை அவன் வேகமென்று மயங்கினான்.

ரயர் ஒடுங்கியதும் அதனைச் சூழ்ந்த வண்டியும் ஒடுங்கிற்று. முன்கவையின் தலைப்பும் பின்சட்டத்தின் பாலமும் ரயரை நெருங்கி இறங்கின. ரிம்மைப் பிடிக்கும் தடுப்புப் பொறியின் கைகளும் குறுகின. அக்கைகள் குறுகினால் வளையா. வளையாவிடிற் பிடிப்பு உறுதி. தடுப்பைப் பூட்டும் ஆணியிலிருந்து ரிம்மைத் தொடும் கட்டை வரையுள்ள தூரம் 39 முதல் 49 மில்லிமீற்றர் என்பது பந்தய வண்டிக்கு நியதியாயிற்று. இந்த வளைவுக்குள் 25 மில்லிமீற்றர் ரயர் நன்றாய் நுழையும். 28 திணறி நுழையும். அதற்கு மேல் வழியில்லை. ரயருக்கும் சட்டகத்துக்கும் இடையே ஒரு நாணயந்தான் செல்லுமென்றால் அதுவே சிறந்த பந்தய வண்டிக்கு அடையாளமெனக் கொள்ளப்பட்டது. தையற்காரன் அங்கியை உடலோடு ஒட்டத் தைத்தாற்போல என்று அதனைப் புகழ்ந்தனர். இத்தகைய நெருக்கத்தின் நடுவேதான் காபன் நார் வந்து சேர்ந்தது.

காபன் நாரின் பிறப்பிடம் சைக்கிள் பட்டறை அன்று. 1950களின் இறுதியில் அமெரிக்காவிலும், 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிலும், பின்னர் இங்கிலாந்தின் பாண்பறோ விமான ஆராய்ச்சி நிலையத்திலும் விமானத்துக்கும் விண்கலத்துக்குமென அது உருவாயிற்று. உருக்கிலும் மிகப் பாரங் குறைந்தது. நீளவாட்டில் இழுத்தால் உருக்கை வெல்லும் உறுதி. மயிரிலும் மெல்லிய அந்நார்களைப் பிசினில் தோய்த்துத் தாளாக்கி, தாளை அச்சில் அடுக்கி, சூடேற்றி இறுகச் செய்வர். பனஞ்சிலாகையை அறிந்தோருக்கு இதன் இயல்பு புதிதன்று. சிலாகை நீளவாட்டில் கூரையின் பாரத்தைத் தாங்கும். குறுக்கே ஆப்பு வைத்தாற் பிளந்துபோகும். காபன் தாளும் அத்தகையதே. ஆயின் பனையின் நார் எத்திசையில் ஓடவேண்டுமென்று இயற்கை தீர்மானித்தது. இங்கே செய்பவன் தீர்மானிக்கின்றான். ஒரு தாளை நேராகவும், மறுதாளைச் சரிவாகவும் இட்டு, இங்கே இறுக்கம், அங்கே நெகிழ்ச்சி என்று கட்டளையிடலாம். மிதிக்கும்போது பக்கவாட்டில் அசையாமலும், கல்லில் ஏறும்போது மேல்கீழாய் வளைந்தும் கொடுக்கும் சட்டகம் இனிச் செய்யலாம் என்னும் ஆசை அப்பொழுதுதான் பிறந்தது.

1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் காபன் குழாய் கொண்ட சட்டகங்கள் விற்பனைக்கு வந்தன. ஆயினும் 1986ஆம் ஆண்டே திருப்புமுனையாயிற்று. அவ்வாண்டு கிறெக் லெமொண்ட், பிரான்சைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தில், லுக் நிறுவனத்தின் காபன் சட்டகத்தில் ஓடி வென்றார். காபன் குழாய்களை அலுமினியப் பொருத்துகளில் ஒட்டிச் செய்த சட்டகம் அது. அதே ஆண்டிலேயே அமெரிக்காவில் கெஸ்றல் நிறுவனம் பொருத்துகளேயின்றி முழுவதும் அச்சில் வார்த்த காபன் சட்டகத்தை வெளியிட்டது. 1995ஆம் ஆண்டில் பிராங்கோ பல்லரீனி, இத்தாலியரான எர்னெஸ்தோ கொல்னாகோவின் சி40 என்னும் காபன் வண்டியில் றூபேயை வென்றார். கல்லின்மேல் காபன் நொறுங்கிவிடும் என்று அஞ்சியவர்கள் அன்றோடு அடங்கினர்.

காபன் கல்லைத் தாங்கியது. அதன்மேல் இருந்தவனைத் தாங்கியதா என்பதே மிஞ்சிய வினா. அதற்கு விடையாக ஒன்றன்பின் ஒன்றாய் வந்த உபாயங்களை எண்ணிப் பார்த்தால் நகைப்பும் வியப்பும் ஒருங்கே தோன்றும். முதலில், மலைச் சைக்கிளிலிருந்து கடன் வாங்கிய வில்லமைப்புள்ள முன்கவை. கில்பேர் டுக்ளோ-லசால் அதனைப் பூட்டி 1992இலும் 1993இலும் றூபேயை வென்றார். இரண்டாவது முறை வெல்லும்போது வயது முப்பத்தெட்டு. 1994இல் அந்திரே ச்மில் அத்தகைய கவையோடு வென்றார். அதே ஆண்டு ஜோகன் முசேயூ முன்னும் பின்னும் வில்லமைந்த வண்டியிலேறி வெற்றியின்றித் திரும்பினார். பாரமும் பழுதும் மிகுதியென்று அதன்பின் அவற்றைக் கைவிட்டனர். 2004ஆம் ஆண்டளவில் ஸ்பெசலைஸ்ட் நிறுவனம் றூபே என்னும் பெயரையே தன் வண்டிக்கு இட்டு, கவையிலும் பின்சட்டத்திலும் துளைகளிட்டு, அவற்றில் மெல்லிய இறப்பர்த் துண்டுகளைச் செருகியது. 2006இல் பபியான் கான்செலாரா வென்ற செர்வேலோ வண்டியின் பின்சட்டங்கள் விரல் போல மெலிந்திருந்தன. 2012இல் ட்றெக் நிறுவனம், ஆசனத்தைத் தாங்கும் குழாயை மேற்குழாயிலிருந்து பிரித்து, அங்கே ஒரு சுழலியை வைத்தது; அதிலேறி அதே கான்செலாரா 2013இல் மறுபடி வென்றார். இவையெல்லாம் மெய்யான பொறியியல். ஏமாற்று வித்தையென்று சொல்லுதல் தகாது. அந்தச் சுழலி ஆசனத்தை உண்மையிலேயே அசைய விட்டது. ஆனால் இவற்றைச் செய்த ஒவ்வொரு பொறியியலாளரும், அந்தக் குறுகிய தடுப்புப் பொறியின் வளைவுக்குள் அடங்கிய ரயரை வைத்துக்கொண்டே செய்தார் என்பதை மறக்கலாகாது.

கணக்கைப் பார்த்தால் நிலைமை விளங்கும். சைக்கிளின் பின்புறம் ஒரு முக்கோணம். முக்கோணம் என்பது பாலங்கட்டுவோர் விரும்பும் வடிவம். ஏனெனில் அது வளையாது. எத்தகைய நார் அடுக்கினாலும் சாதாரணச் சட்டகத்தின் பின்முக்கோணம், ஏறியிருப்பவனது பாரத்தினால் ஒரு மில்லிமீற்றரின் சிறு பங்கே தாழும். ஆசனக் குழாய் நீளமாய் வெளியே நின்றால் அது சிறிது வளையும். காபன் சட்டகத்தின் சுகமெனப் பலர் புகழ்ந்தது பெரும்பாலும் இந்தக் குழாயின் வளைவையே. ரயரின் நிலையோ வேறு. அளவாய்க் காற்றடித்த ரயர் தன் உயரத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு தாழ்ந்திருத்தல் நன்றென்று பிராங்க் பெற்றோ என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் அட்டவணை வகுத்தார். 32 மில்லிமீற்றர் ரயருக்கு அது ஏறத்தாழ ஐந்து மில்லிமீற்றர். சட்டகத்தின் முழு வித்தையும் தருவதிலும் பன்மடங்கு. இன்னொன்று: ரயருட் காற்றின் அளவு அகலத்தின் வர்க்கத்தோடு பெருகும். 23இலிருந்து 32க்கு ஏறினால் அகலம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. உள்ளே நிற்கும் காற்றோ ஏறக்குறைய இரு மடங்கு. ஆகவே அமுக்கத்தைப் பாதியளவுக்குக் குறைத்தாலும், கல்லின் விளிம்பு ரயரை நசுக்கி ரிம்மில் இடிக்கும் அபாயம் முன்னைய நிலையை விட மிகுவதில்லை.

இனி வேகத்தின் கதை. 2000களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் சியாற்றில் நகரில் ஜான் ஹைனே என்பவர் நடத்திய ‘பைசிக்கிள் குவாட்டர்லி’ என்னும் சஞ்சிகை, உருளையை விட்டு வீதிக்கு வந்தது. மனிதனை ஏற்றியே அளந்தது. நெடுஞ்சாலையின் ஓரத்தில், சாரதிகள் உறங்கி விலகாவண்ணம் வெட்டியிருக்கும் வரிப்பள்ளங்களின்மேல் ஓடி, பக்கத்து மென்சாலையில் அதே வேகத்துக்கு வேண்டிய சத்தியோடு அதனை ஒப்பிட்டது. வேறுபாடு மிகப் பெரிது. அந்தச் சத்தி எங்கே போயிற்று? ஓடுபவனின் தசையிலும் தோலிலும் குடலிலும் குலுக்கமாகிச் சூடாய்ப் போயிற்று. அதாவது மனிதனைக் குலுக்குவதற்கும் அந்த மனிதனே கூலி கொடுக்கின்றான். குலுக்கத்தைக் குறைக்கும் ரயர் அவனைச் சுகப்படுத்துவதோடு அந்தக் கூலியையும் மிச்சப்படுத்துகின்றது. பெல்பாஸ்ற் மைதானத்தில் ஹியூம் காட்டியதற்கு இத்தனை காலத்தின் பின் காரணம் கிடைத்தது. பழமைப் பித்தர்களின் பேச்சென்று இதனை முதலில் ஒதுக்கினர். ஆயினும் 2010களின் தொடக்கத்தில் பந்தயக் குழுக்கள் ஓசையின்றி 23ஐ விட்டு 25க்கு மாறின.

உண்மையில் பந்தயப் பொறிஞர் இதனை முற்றும் அறியாதவரல்லர். றூபே ஞாயிறு வரும்போதெல்லாம் அவர்கள் 27, 28, 30 மில்லிமீற்றர் ரயர்களை வெளியே எடுப்பர். அவை நுழையும்படி தனியாகச் சட்டகம் செய்விப்பர். கல்லுக்கும் பஞ்சருக்கும் அஞ்சி வேகத்தைச் சிறிது பலி கொடுக்கின்றோம் என்பதே அவர்கள் எண்ணம். திங்கட்கிழமை மறுபடியும் ஒடுங்கிய ரயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை கற்றதை மறுநாளே கைவிடும் இவ்வழக்கம் பல பத்தாண்டுகள் நடந்தது.

கதவைத் திறந்தது தட்டுத் தடுப்பு. சில்லின் அச்சருகே ஓர் உருக்குத் தட்டை வைத்து அதனைப் பிடிக்கும் இம்முறையில், ரயரை வளைத்து நிற்கும் கைகள் இல்லை. கவையின் தலைப்பை உயர்த்தலாம், கால்களை விரிக்கலாம். உலகச் சைக்கிள் சங்கம் 2015இல் இதனைப் பந்தயத்திற் பரீட்சிக்கத் தொடங்கிற்று. மறு ஆண்டு சித்திரையில், இதே றூபே பந்தயத்தில், பிரான்சிஸ்கோ வென்ரோசோ என்னும் ஸ்பானியரின் கால் ஆழமாய் வெட்டுண்டது. வேறொருவரின் தடுப்புத் தட்டே வெட்டியதென்று அவர் வெளிப்படையாய்க் கடிதமெழுதினார். அப்படியன்று என்று மறுத்தவர்களும் உண்டு. பரீட்சை நிறுத்தப்பட்டது. ஆயினும் 2017இல் அது மீண்டது. 2018 யூலை மாதத்தில் முழு அனுமதி கிடைத்தது. தடுப்பு நன்றா தீதா என்று அவர்கள் வாதாடிக்கொண்டிருக்கையில், எவரும் பெரிதாய்ப் பேசாத மற்றொரு காரியம் நடந்தேறியது. அடுத்தடுத்து வந்த காபன் சட்டகங்கள் 28, 30, 32 மில்லிமீற்றர் ரயர்களுக்கு இடங்கொடுத்தன. பரற்பாதைக்கென்று செய்யப்பட்டவை 40, 45 வரை சென்றன. அங்கே மிதிச்சில்லுக்கும் ரயருக்கும் இடையே பின்சட்டம் செல்ல வழியில்லாமற் போகவே, அதனை நெளித்தும் தாழ்த்தியும் வார்த்தனர். யாழ்ப்பாணத்து ஒன்றரை அங்குலம் அந்த வரம்புக்குள் அடங்கிவிட்டது.

2024ஆம் ஆண்டு சித்திரை 7ஆம் திகதி மத்தியூ வான் டெர் பூல் றூபேயை வென்றார். மணிக்கு 47.8 கிலோமீற்றர் சராசரி வேகம். அது வரை நடந்த றூபே ஓட்டங்களில் அதுவே மிக வேகமானது. அவருடைய வண்டியில் வில்லில்லை, இறப்பர்த் துண்டில்லை, சுழலியில்லை. காற்றைக் கிழிப்பதற்கென்றே தட்டையாய் வார்த்த, இயல்பிலே இறுகிய காபன் சட்டகம் அது. 32 மில்லிமீற்றர் ரயர் மாத்திரம் இருந்தது. அவ்வகைச் சட்டகத்தைப் பத்தாண்டுக்கு முன் கல்லுக்கு ஆகாததென்று களஞ்சியத்தில் விட்டிருப்பர்.

முந்திய காலத்துச் சட்டகங்களின் நிலை என்ன? உருக்குச் சட்டகமானால், தேர்ந்த கொல்லன் பின்குழாயைச் சிறிது நசுக்கிப் பள்ளம் வைத்து, இரண்டு மில்லிமீற்றர் இடந் தேடித் தருவான். காபனில் அது முடியாது. அச்சு எவ்வளவு இடம் விட்டதோ அவ்வளவே. அரத்தால் தேய்த்தால் அறுபடுவது பாரத்தைத் தாங்கும் நார். 1990களிலும் 2000களிலும் பெரும் விலை கொடுத்து வாங்கப்பட்டு, இன்றும் கீறலின்றி உறுதியாய் நிற்கும் எத்தனையோ காபன் வண்டிகள் 25 மில்லிமீற்றருக்கு மேல் ஏற்க மாட்டா. அவற்றை வைத்திருப்போர் சிலர் பேராசைப்பட்டு 28 மில்லிமீற்றர் ரயரை நெருக்கிப் பூட்டுகின்றனர். நின்ற இடத்தில் சில்லு சுழலும். ஆனால் மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது சில்லு பக்கத்தே சாயும். ஆரைக்கம்பியொன்று அறுந்தாற் பின்னும் சாயும். ரயரில் ஒட்டிய ஈரமணல் சட்டகத்தை அரத்தைப் போல அராவும். உருக்கிலே பூச்சுத்தான் போகும். காபனில் பூச்சின் கீழுள்ள நாரும் தேயும். அதனை ஓடுபவன் காணான். சில்லைக் கழற்றும்போதே காண்பான்.

ரயரிற் பொறித்த இலக்கத்தை மாத்திரம் நம்புவதும் ஆபத்து. இக்காலத்து அகன்ற ரிம்மிற் பூட்டினால் 28 என்று பொறித்தது 30 ஆய் விரிதல் உண்டு. எனவே காற்றடித்து, ஒருநாள் விட்டு, ரயர் விரிந்து நின்றபின் அளப்பதே அறிந்தவர் வழக்கம். அதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. வண்டிக்காரன் பையிலே கிடக்கும் 4 மில்லிமீற்றர் அறுகோணச் சாவியை ரயருக்கும் கவைக்கும் இடையே, பின்னர் பின்சட்டத்தின் இருபுறமும் பாலத்தின் கீழும் நுழைத்து, சில்லை மெதுவாய் ஒருமுறை சுற்றுவர். சாவி எங்கும் உரசாமற் சென்றால் அந்த ரயரோடு வண்டி வீதிக்குப் போகும்.